செல்லின் காதில் விழுந்த சொல்

இருபத்தாறு வருஷம் ஊருக்கே ஊசி போட்ட டாக்டர் ஏகாம்பரம், தனக்கு ஓர் ஊசி என்றதும் ஆயிரம் நியாயம் பேசினார்.

அவருக்கு மூட்டுவாதம். கிருமியோடு சண்டை போட வேண்டிய டி செல்கள் அவர் மூட்டுகளையே தாக்கின. சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை. இப்படியே விட்டால் விரல்கள் கோணிப்போகும், பிறகு நிமிராது என்று சொல்லிவிட்டார்கள். எழுதிக் கொடுத்த ஊசியோ அந்தச் செல்களைக் கொல்லாது. அவற்றுக்குப் போகும் ஒரு சேதியை மட்டும் தடுக்கும். துரோகியை உயிரோடு விடுகிற மருந்து எதற்கு என்று மறுத்துவிட்டார். மறுத்த கையோடு, ஐம்பத்திரண்டு வயதில், டி செல்களை ஆராயும் பூங்கோதையிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். பூங்கோதைக்கு வயது முப்பத்தாறு.

முதல் நாளே கேட்டார். "துரோகி செல்லைக் கண்டுபிடிச்சு அழிக்க வழி இருக்கா மேடம்?"

பூங்கோதை அவர் கையிலிருந்து ரத்தம் எடுத்தார். எந்த வேலைக்கும் இன்னும் பழகாத டி செல்களை மட்டும் அதிலிருந்து பிரித்து, இரண்டு கிண்ணங்களில் விட்டார். செல்களுக்குச் சேதி சொல்லும் புரதங்களுக்கு சைட்டோகைன் என்று பெயர். முதல் கிண்ணத்தில் ஒரு சைட்டோகைனை விட்டார். இரண்டாவதிலும் அதையே விட்டு, கூடவே வேறொன்றையும் சேர்த்தார். அந்த ஊசி தடுப்பது இந்த இரண்டாவது சேதியைத்தான்.

ஒரு வாரம் கழித்துச் சோதித்தார்கள். முதல் கிண்ணத்தில் இருந்தவை சண்டையை அடக்கும் செல்களாக வளர்ந்திருந்தன. இரண்டாவதில் இருந்தவை வீக்கத்தை மூட்டிவிடும் செல்கள்.

ஏகாம்பரம் இரண்டாவதைக் காட்டினார். "இதுதான் துரோகி."

"ரெண்டும் ஒரே ரத்தம் சார்."

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷம் வைத்தியம் பார்த்தும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. இரண்டிலும் விட்ட அதே சேதியிலிருந்து சமாதானமும் சண்டையும் எப்படி வரும் என்று மெதுவாகக் கேட்டார்.

"வீட்டுக்கு வர்றவங்கள என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"வாங்கன்னு."

"கிளம்புறவங்ககிட்ட?"

"போய்ட்டு வாங்கன்னு."

"ரெண்டுலயும் 'வாங்க' இருக்குல்ல சார்?"

ஏகாம்பரம் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு இரண்டாவது கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்போ என் செல்லுக்கு என்மேல கோபம் இல்லையா?"

"அது காதுல விழுந்ததைத்தான் செஞ்சிருக்கு."

அவர் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

"அந்த ஊசியைப் போட்டா அதுக்கு என்ன ஆகும் மேடம்?"

"ஒண்ணும் ஆகாது சார். 'போய்ட்டு' மட்டும் காதுல விழாது."