வவ்வால் பக்கத்தில் கைவைத்த அதிகாரி

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து எழுதிச் சேர்ந்து திருத்தும் 'விக்கி' இணையதளத்தைக் கண்டதும் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஏகாம்பரத்துக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"ஆளாளுக்குக் கைவைத்தால் பிழைதான் மிஞ்சும். மூடுங்கள்!"

தற்காலிக ஆசிரியை பூங்கோதை பணிவாகச் சொன்னாள்: "நீங்களே ரகசியமா ஒரு பிழை போடுங்க சார். நீங்க டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள பிள்ளைங்க திருத்தலைன்னா மூடிடறேன்."

அவர் தன் பெயரைப் பதிவுசெய்து, திரையை மறைத்துக்கொண்டு தட்டினார்.

டீ பாதியிலேயே மாணவி நசீமா கத்தினாள்: "ரெண்டு பிழையையும் திருத்தியாச்சு டீச்சர்!"

"ரெண்டா? வவ்வாலுக்கு நாலு கண்ணுன்னு ஒண்ணுதானே போட்டேன்!"

பூங்கோதை திருத்த வரலாற்றைத் திறந்தாள். வவ்வால் 'பாலூட்டி' என்றிருந்ததைப் 'பறவை' என்று மாற்றியதும் அவர் பெயரில்தான் இருந்தது.

"அது... நான் சரிபண்ணினதும்மா."

நசீமா ஆறுதலாகச் சொன்னாள்: "பரவாயில்ல சார். இங்க யார் தப்பு பண்ணாலும் சிரிக்க மாட்டோம்."