மருதாயிக்காக நின்றவர்

திருச்சி மலைக்கோட்டையின் அடிவாரத்தில் வாழ்ந்த மருதாயி அம்மையாருக்கு வேலை, அசையாமல் நிற்பது. ஓவியப் பள்ளியில் மனித உருவம் வரையப் பழகும் மாணவர்களுக்கு நடுவே, ஒரு பலகை மேடையில் நிற்பார். அதற்கு முன் விடியலிலேயே தாயுமானவர் சந்நிதிப் படிகளைப் பெருக்கிக் கோலமிட்டிருப்பார். நிற்கும் நேரமெல்லாம் உள்ளே ஐந்தெழுத்து ஓடிக்கொண்டிருக்கும். கொசு கடித்தாலும் கை எழாது.

ஓவிய ஆசிரியர் தணிகாசலம் கோபக்காரர். "மூஞ்சியில ஆரம்பிக்காதீங்கப்பா! உடம்போட பாரம் எந்தக் கால்ல இறங்குதுன்னு மொதல்ல பாருங்க" என்று தினமும் தொண்டை கிழியக் கத்துவார். இடைவேளைக்கு முன் அம்மையாரின் பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவார்கள். திரும்பி வந்ததும் அவர் அதே கோட்டுக்குள் கால் வைத்து நிற்பார்.

கட்டட வேலையில் கணவரை இழந்த அவருக்கு இது சோறு போட்ட தொழில், தெருவுக்கோ கேலி. "ஆம்பளப் பசங்க முன்னாடி பொம்மையாட்டம் நின்னுட்டு, சாமி படிய வேற கூட்டுறாங்களாம்" என்று அடுத்த வீட்டுப் பரிமளம் குழாயடியில் எல்லார் காதிலும் விழச் சொல்வாள். நாமாக இருந்தால் குடம் பறந்திருக்கும். அம்மையாரோ, "மேல இருந்து பார்க்கிறவருக்குத் தெரியும் தாயி" என்று சிரித்துவிட்டுத் தண்ணீரோடு வீடு திரும்புவார்.

ஆண்டுத் தேர்வு வந்தது. ஒரே நாளில் முழு உருவமும் வரைய வேண்டும். நிற்க ஆள் இல்லையென்றால் மாணவர்களுக்கு அந்த ஆண்டே வீண். "அன்னிக்கு மட்டும் வராம இருந்துட்டீங்கன்னா, அப்புறம் இங்க வேலை கிடையாதும்மா" என்று ஆசிரியர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். தேர்வன்று காலை அம்மையார் கிளம்பும்போது அடுத்த வீட்டில் அலறல் கேட்டது. நிறைமாதப் பரிமளம் தரையில் கிடந்தாள். தாய் இல்லாதவள், கணவன் லாரியோடு வெளியூர் போயிருந்தான்.

"அக்கா, விட்டுட்டுப் போயிடாதீங்கக்கா!"

அம்மையார் ஒரு கணம் கலங்கித்தான் போனார். ஒரு பெண்ணின் பேறுகாலத்துக்குத் தாய் உருவில் வந்ததால்தான் ஈசனுக்குத் தாயுமானவர் என்று பெயர். அவர் படியைப் பெருக்குகிறவர் இவளை எப்படி விடுவார்? "அப்பா, அந்தப் பிள்ளைங்களை நீ பார்த்துக்க" என்று மலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பரிமளத்தை ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் பொழுதெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாலையில்தான் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

வேலை போனால் போகட்டும், மன்னிப்பாவது கேட்போம் என்று அம்மையார் பள்ளிக்கு ஓடினார். அங்கே ஆசிரியர் ஓவியங்களைச் சுவரோரம் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"உருவமெல்லாம் பிரமாதமா வந்திருக்கு. ஆனா நிழல் எங்கப்பா? ஒருத்தர்கூடவா தரையில நிழல் போடல?"

"கண்ணுக்குத் தெரியறதைத்தானே சார் போடச் சொன்னீங்க? அம்மாவுக்கு நிழலே விழல" என்றாள் ஒரு மாணவி.

அப்போது அம்மையார் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். மேற்கு வெயிலில் அவர் நிழல் நீளமாக அறைக்குள் விழுந்தது.

"மன்னிச்சிடுங்க ஐயா. ஒரு பிள்ளைக்குப் பிரசவம். என்னால இன்னிக்கு வர முடியாமப் போச்சு."

"என்னம்மா சொல்றீங்க? காலையிலேர்ந்து இங்கதானே நின்னீங்க! இடைவேளைக்குக்கூட இறங்கலியே!"

சொன்னவரின் கண் தரையில் விழுந்த நிழலுக்குப் போயிற்று. அம்மையார் ஓவியங்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவருடைய முகம், அவருடைய பழஞ்சேலை. வந்தவர் யாரென்று புரிந்துவிட்டது.

"ஐயோ, என் அப்பனே! பொழுதன்னிக்கும் உன்னைக் கால் கடுக்க நிக்க வச்சுட்டேனே!" என்று கதறி, வெறும் மேடையின் முன் விழுந்தார். கோபக்கார ஆசிரியரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் விழுந்தார்.

மாணவர்கள் எல்லாரும் தேறினார்கள். நிழல் போடாததற்காக யாருக்கும் மதிப்பெண் குறையவில்லை. மறுநாளும் அம்மையார் படி பெருக்கிவிட்டு வேலைக்கு வந்தார். இறைவனின் வேலையை ஒரு நாள் தாம் செய்து, தம் வேலையை இறைவனையே செய்ய வைத்த மருதாயி அம்மையாரின் எளிய பாதங்கள் வாழ்க!