துறையில் ஐந்து பேர்

ஆளவந்தார் அந்த நாட்டின் நீதிபதி. ஆற்றங்கரை மடத்துக் குருவுக்குச் சீடர். அன்று காலை வந்தவர் வணங்கினார், உட்காரவில்லை.

"சுவாமி, ஓடக்காரன் பூவுலிங்கத்தைக் கொன்ற வழக்கில் ஐந்து பேரைப் பிடித்து வைத்திருக்கிறேன். நாளை விட்டுவிட வேண்டியதுதான்."

"ஏன்?"

"நம் சட்டம் கொன்ற கையைக் கேட்கிறது. இந்த ஐவரில் எவன் கையும் கொல்லவில்லை."

துறையில் ஓடம் விடுகிற எல்லோரும் தங்கள் கூலியில் ஒரு கூட்டத்துக்குப் பங்கு கொடுத்து வந்தார்கள். பூவுலிங்கம் மறுத்தான். ஓர் உச்சிப்பொழுதில் கழுத்து இறுகிக் கரையில் கிடந்தான். இனி அந்த ஓடத்தை விட வேண்டியவன் அவன் தம்பி காத்தலிங்கம். அவனும் கூட வந்து மடத்து வாசலில் நின்றிருந்தான்.

"இவங்களை விட்டா அடுத்தது நான்தான் சாமி. பங்கு கொடுக்க எனக்கும் மனசில்லை" என்றான்.

குரு நீதிபதியைப் பார்த்தார். "அவர்கள் என்ன சொல்கிறார்கள்?"

"ஒருவன் குளிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினானாம். ஒருவன் ஓடப்பாட்டுப் பாடினானாம். ஒருவன் பூவுலிங்கத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டானாம். ஒருவன் ஓடத்தின் கட்டுக்கயிற்றில் இந்த முனையைப் பிடித்திருந்தானாம், இன்னொருவன் அந்த முனையை. நடுவில் என்ன இருந்தது என்று இருவருமே பார்க்கவில்லையாம்." ஆளவந்தார் குரல் தாழ்ந்தது. "சட்டத்தில் ஒரு வரி சேர்க்க அரசர் அனுமதி தந்திருக்கிறார். இன்றைக்குள் எழுத வேண்டும். என்ன எழுதுவது?"

"உச்சிக்கு அவர்களைத் துறைக்குக் கூட்டி வா."

ஐவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். காவலர்களும் காத்தலிங்கமும் ஓடத்தருகே நின்றார்கள்.

"அன்றைக்குச் செய்ததாகச் சொன்னதை மட்டும் செய்யுங்கள்" என்றார் குரு. "அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்."

"செத்தவன் வேணுமே சாமி?" என்றான் பாடுகிறவன்.

"நான் இருக்கிறேன்."

"அப்ப நல்லாவே பாடுறேன். கூலி கேட்க மாட்டேன்."

மற்றவர்கள் இன்னும் உரக்கச் சிரித்தார்கள். குரு சீடரிடம் திரும்பினார். "நீ மேலே அந்த நாவல் மரத்தடியில் நில். அங்கிருந்துதான் எல்லாம் தெரியும்."

ஆளவந்தார் மேட்டில் ஏறி நின்றார். காற்று இல்லை. ஆறு அசையாமல் கிடந்தது போலிருந்தது.

முதலாமவன் வெறும் படித்துறையைப் பார்த்து, "போங்க, இப்பக் குளிக்க வேணாம்" என்றான். அடுத்தவன் பாட்டை எடுத்தான். மூன்றாமவன், "பூவுலிங்கம்!" என்று கூப்பிட்டான். கரையில் உட்கார்ந்திருந்த குரு எழுந்து வந்தார். ஓடத்தில் ஏறக் கயிற்றுக்கடியில் குனிந்தார். கயிறு அவர் கழுத்தில் ஒரு சுற்று விழுந்தது. யார் சுற்றியது என்று மேலிருந்து பார்த்தும் தெரியவில்லை.

பிறகு எல்லோரும் அப்படியே நின்றார்கள். சிரிப்பு போய்விட்டது. பாட்டு மட்டும் ஒரே அடியில் திரும்பத் திரும்பச் சுழன்றது. பாடுகிறவன் உட்பட ஐந்து முகங்களும் மரத்தடிக்குத் திரும்பியிருந்தன. அவர்கள் ஆளவந்தாரைப் பார்க்கவில்லை. அவர் நின்ற இடத்தைப் பார்த்தார்கள்.

அவருக்குத் தொண்டை வறண்டது. லேசாக இருமினார்.

கயிறு இறுகியது.

குருவின் கால்கள் மணலைக் கிளறின. "விடுங்கடா!" என்று அலறிக்கொண்டு ஆளவந்தார் ஓடினார். காவலர்கள் கயிற்றை வெட்டினார்கள். ஐவரும் தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சொன்னதைத்தானே செஞ்சோம்?" என்றான் ஒருவன். மற்றவர்களைப் பார்த்துத்தான் கேட்டான்.

ஆளவந்தார் குருவைத் தாங்கி உட்கார வைத்தார். பிறகு காத்தலிங்கத்திடம் கேட்டார். "அந்த மரத்தடியில் வழக்கமாக யார் இருப்பார்?"

"துறைத்தலைவர் உக்கிரபாண்டியர் ஐயா. உச்சிக்கு அவர் மட்டும்தான் அங்கே உட்காருவார். வேற யாரும் உட்காரக் கூடாது."

ஆளவந்தார் மேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"சுவாமி, நான் யாரையும் தொடவில்லை. ஒரு சொல் சொல்லவில்லை. இருமினேன், அவ்வளவுதான்."

குரு கழுத்தைத் தடவிக்கொண்டார். குரல் எழும்ப நேரமாயிற்று.

"அவரும் இதையேதான் சொல்வார். அந்த இருமலையும் சட்டத்தில் சேர்த்து எழுது."