எலுமிச்சம்பழம் நிற்கும் மீசை

ஒரு காலத்தில் கருங்கோட்டைச் சீமையை வல்லகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் யார் எதை ஓதினாலும் தலைக்கேறிவிடும். ஒருநாள் சேனாபதி இடும்பராயர் தம் மீசைமேல் எலுமிச்சம்பழத்தை நிறுத்திக் காட்டி, "இப்படி நிற்காதவனெல்லாம் ஆம்பளையா மகாராஜா?" என்று கொளுத்திப் போட்டார். அவருக்குக் கண்ணெல்லாம் மந்திரி பதவிமேல். மந்திரி அம்பலவாணருக்கோ முகத்தில் முடியே முளைக்காது.

ராஜா உடனே முரசறையச் சொன்னார். மீசையில் பழம் நிற்காதவனுக்கு அரண்மனை வேலை கிடையாது. மந்திரிக்குப் பௌர்ணமி வரை கெடு. பெண் வீட்டாரும் பழத்தோடு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். என்ன அநியாயம்!

ஒருநாள் காலையில் சடைச்சி என்பவள் மந்திரியிடம் ஓடிவந்தாள். "சாமி, சேனாபதி குடுத்த மீசைத் தைலத்தப் பூசி எம் மவனுக்கு மூஞ்சியெல்லாம் வெந்துபோச்சு. மூச்சு முட்டுது. அதுல என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியரால மாத்து மருந்து குடுக்க முடியுமாம்!"

மந்திரி போய்க் கேட்டார். "அது எங்கள் குல ரகசியம்" என்று இடும்பராயர் சிரித்தார். மந்திரி நேரே ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, கெடு எதற்கு? இன்றே பார்த்துவிடுவோம். ஒரு வழக்கு முடியும்வரை எல்லார் மீசையிலும் பழம் நிற்கட்டும். நிற்காதவர் பதவி போகட்டும், என் பதவி உட்பட."

ராஜாவுக்குக் குஷி. தாமும் ஒரு பழத்தை வைத்துக்கொண்டார். சபையே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. மந்திரி சடைச்சியை உள்ளே அழைத்தார்.

"தைலத்துல என்ன இருக்கு சொல்லுங்க! எம் புள்ள சாவுறான்!" என்று அவள் இடும்பராயர் காலில் விழுந்தாள். அவர் வாயே திறக்கவில்லை. திறந்தால் பழம் விழுமே!

"பாருங்கள், ஓர் உயிரைவிட ஒரு பழம் பெரிதாகிவிட்டது!" என்று மந்திரி கத்தினார்.

ராஜா துள்ளி எழுந்தார். அவர் பழம் எங்கோ உருண்டது. "சொல்லித் தொலையும்!" என்று இடும்பராயரின் பழத்தைத் தட்டிவிட்டார்.

"சே... சேராங்கொட்டைப் பால்..."

அந்த நச்சுக்கொட்டைக்கு மாற்று எடுத்துக்கொண்டு வைத்தியர் ஓடினார். சேனாபதியின் வாள் அங்கேயே பறிக்கப்பட்டது. மந்திரிக்கு ராஜா தம் முத்துமாலையைப் போட்டார். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ராஜாவைச் சடைச்சி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பையன் பிழைத்துக்கொண்டான். கண் திறந்ததும், வெந்த உதட்டைத் தடவிக்கொண்டே, "இனிமே மீசை மொளைக்குமா?" என்றான்.

"கேட்டீர்களா? செத்துப் பிழைத்தவன் முதலில் கேட்பதைக் கேட்டீர்களா?" என்றார் மந்திரி.

ராஜா தம் மீசையைத் தொட்டுப் பார்த்தார். வாசலில் போய் உட்கார்ந்து, நாவிதரைக் கூட்டிவரச் சொன்னார்.