மேட்டு நாட்டுக்குப் போன தூது

பள்ளத்து நாட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். வினையே அதுதான்.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பக்கத்து மேட்டு நாட்டு ஏரியோ தளும்பிக்கொண்டிருந்தது. மடையைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டுவர, ஒச்சப்பனைத் தலைவனாக்கி மூன்று பேரைத் தூது அனுப்பினார் ராஜா. ஒச்சப்பனுக்கு ராஜகாரியத்தைவிடச் சொந்தக் காரியம் பெரிது. கதிர் விடுகிற நேரத்தில் அவனுடைய இரண்டு காணி நெல் வெடித்த மண்ணில் நின்றது. பத்து நாளில் தண்ணீர் வராவிட்டால் வைக்கோல்தான்.

"நாம யாருக்கும் குறைஞ்சவங்க இல்ல. அவங்க என்ன செஞ்சாலும் பதிலுக்கு அதையே செய்யுங்க" என்று ராஜா சொல்லியனுப்பினார். ராஜா சொன்னால் அப்பீல் உண்டா?

மேட்டு நாட்டு மந்திரி எழுந்து நின்று வரவேற்றார். இவர்களும் நின்றார்கள். விருந்தாளி உட்காருமுன் தான் உட்காரக் கூடாதென்று அவர் நின்றார். அவர் உட்காரட்டும் என்று இவர்கள் நின்றார்கள். உச்சிப்பொழுது தாண்டி, கால் மரத்துப்போய் மந்திரி பொத்தென்று விழுந்தார். மூன்று பேரும் ஒழுங்காக ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள்.

பிறகு அவர் வெற்றிலைத் தட்டை நீட்டினார். வாங்கிய கையோடு அதையே அவரிடம் நீட்டினார்கள். கோபமோ என்று பதறி அவர் மறுபடி நீட்டினார். தட்டு பொழுதுசாயும்வரை போய்ப் போய் வந்தது. கடைசியில் மந்திரி கையெடுத்துக் கும்பிட்டு, நாளைக்கே மடையைத் திறக்கிறேன், வீட்டுக்குப் போங்கள் என்றார். இவர்களும் கும்பிட்டு, நீங்களும் வீட்டுக்குப் போங்கள் என்றார்கள்.

தண்ணீர் வந்தது. ஒச்சப்பன் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு ஓடினான். அங்கே அவனோடு தூது போன குப்பாண்டி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"அவங்க தண்ணி குடுத்துட்டாங்க. பதிலுக்கு நாம?"

"அவங்ககிட்டதான் ஏரி நிறைய இருக்கே" என்றான் ஒச்சப்பன்.

"வெத்தலையுந்தான் இருந்துச்சு. திருப்பிக் குடுக்காமலா வந்தோம்?"

ஒச்சப்பனுக்கு அழுகை வந்தது.

மறுநாளே வாய்க்காலை எல்லையில் அடைத்தார்கள். நாடே அங்கே தேங்கிய தண்ணீரைக் குடத்தில் மொண்டு, மேடேறி, ஒரு சொட்டுக் குறையாமல் ஏரியில் கொட்டியது. ஒச்சப்பன் மனைவி பேச்சி மட்டும், ஒரு குடத்தை நம் வயலில் ஊற்றினால் என்ன என்று கேட்டாள். நாட்டு மானம் போய்விடும் என்று ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் அவனால் தாங்க முடியவில்லை. குடத்தை இறக்கிவைத்து மந்திரியின் காலில் விழுந்தான்.

"ஐயா, பயிரு காயுது. தண்ணி சுமந்தே எங்க சனம் செத்துரும்."

"சுமக்கறத நிறுத்துங்களேன்யா."

"நீங்க நிறுத்தினாத்தானே சாமி நாங்க நிறுத்த முடியும்?"

மந்திரி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மடையை அடைக்கச் சொன்னார்.

பள்ளத்து நாட்டில் மேளம் கொட்டினார்கள். ராஜா சால்வை போர்த்தினார். ஒச்சப்பன் சால்வையோடு வயலுக்கு ஓடினான். பேச்சி காய்ந்த வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"இனி கவலய விடு புள்ள. நல்லபடியாப் பேசி முடிச்சுட்டேன். இனிமே ஒரு சொட்டுத் தண்ணி வராது."