எண்பது பக்க மறுப்பு

“அம்மா, அவங்களும் வேதத்தைத்தான் காட்டுறாங்க, நாங்களும் வேதத்தைத்தான் காட்டுறோம். அப்புறம் வேதம் யார் பக்கம்?”

சத்தியநேசன் ஐயர் இப்படிக் கேட்டபோது லேயாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

ஐயர் லுத்தரன் சபையின் குருவானவர். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடத்துக்கு முன் இறையியல் கல்லூரியில் அவருக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவர் லேயாள் அம்மா. வயதில் ஆறே வருடம் மூத்தவர். ஓய்வுபெற்று இப்போது பொறையாற்றில் தனியாக இருந்தார்.

“எதுக்கு இப்ப அந்தக் கேள்வி?”

ஐயர் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்தார். எண்பது பக்கம். குழந்தையில் பெற்ற ஞானஸ்நானமே செல்லும், வளர்ந்தபின் மறுபடி எடுப்பது வேதத்துக்கு விரோதம் என்று வசனம் வசனமாக நிறுவியிருந்தார்.

“யாருக்கு மறுப்பு?”

“எப்பிராயீமுக்கு.”

எப்பிராயீம் அவருடைய ஒரே தம்பி. ஒன்பது வருடத்துக்கு முன் காவிரியில் முங்கி மறுபடி ஞானஸ்நானம் எடுத்து, பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவன். அண்ணன் வீட்டுக்கு எதிரிலேயே ஜெபவீடு கட்டினான். அன்றிலிருந்து பேச்சில்லை.

“வர்ற ஞாயித்துக்கிழமை சபைக்கூட்டம். மறுஞானஸ்நானம் எடுத்தவங்களுக்கு நம்ம கல்லறைத் தோட்டத்துல இடமில்லைன்னு தீர்மானம். இதைத்தான் ஆதாரமா வைக்கப்போறேன். நீங்க முன்னுரை எழுதணும்.”

“உங்க அப்பா அம்மா அங்கதானே இருக்காங்க?”

“ஆமா.”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். ரொம்ப நேரம் படித்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு கிரேக்கச் சொல்லின் எழுத்துப் பிழையைத் திருத்தினார்.

“வாதத்துல பழுது இல்லை.”

ஐயரின் முகம் மலர்ந்தது.

“ஜெபம் பண்ணிட்டு எழுதுறேன். வேதத்துலேர்ந்து ஒரு சங்கீதம் வாசிங்க.”

அலமாரியிலிருந்து ஒரு பழைய வேதப்புத்தகத்தை எடுத்து நீட்டினார் அம்மா. பெரிய எழுத்து, பழுப்பேறிய தாள். ஐயர் விரித்ததும் கற்பூரமும் பழைய தாளும் கலந்த வாசனை வந்தது. அவர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் வசனத்தை வாசித்தார். நிறுத்தினார்.

அம்மா காத்திருந்தார். ஐயரும் காத்திருந்தார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

ஐயர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“பழக்கம்மா. எங்க வீட்டுல ஒரே வேதப்புத்தகம். இப்படித்தான் இருக்கும், இதே எழுத்து. சாயங்கால ஜெபத்துல பாதி என் மடியில, பாதி தம்பி மடியில. ஒரு வசனம் நான், ஒரு வசனம் அவன். அவன் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். ‘கர்த்தர்’னு வந்தா மட்டும் குதிரை வேகம். நான் எடுத்துக் குடுக்கப் பார்ப்பேன். அப்பா விடமாட்டார். ‘அது அவன் வசனம், நீ காத்திரு’ம்பார்.”

சொல்லிக்கொண்டே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“சரி, அடுத்ததை நான் வாசிக்கட்டுமா?” என்று அம்மா கை நீட்டினார்.

ஐயர் புத்தகத்தைத் தரவில்லை. வாசித்த இடத்தில் விரலை வைத்தபடியே எழுந்துவிட்டார்.

“இதை எடுத்துக்கிட்டுப் போறேம்மா,” என்றார். “அடுத்தது அவனோடது.”