குயில் பிரபுவின் கூடு போன கதை

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் ஒரு பெரிய காட்டை மயில் ஆண்டுவந்தார். ராஜா என்று பெயர்தான். சின்னக் குருவிகளிடம் கூடுதலாக ஒரு புழு வரி வாங்க வேண்டுமென்றால்கூட பருந்து, நாரை, குயில் என்று எல்லாப் பிரபுக்களையும் கூப்பிட்டுச் சம்மதம் கேட்க வேண்டும். அவரவர் கூட்டில் சவுகரியமாக உட்கார்ந்துகொண்டு, "முடியாது" என்று சொல்லியனுப்புவார்கள். மயிலுக்கு அது பொறுக்கவில்லை.

ஒருநாள் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்: "என் தலையில் இருக்கும் இந்தக் கொண்டை கடவுளே வைத்தது. அதனால் இனி நான் யாரையும் எதுவும் கேட்கப்போவதில்லை."

பிரபுக்கள் முறைத்தார்கள். மயில் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "ஆனால் தினமும் நான் தூங்கி எழும்போது என் தோகையைத் தூக்கிப் பிடிக்கும் பாக்கியம் உங்களுக்கு மட்டும்தான். நடு இறகு யாருக்குக் கிடைக்கிறதோ, அவர்தான் உங்களில் பெரியவர்."

அவ்வளவுதான். சண்டைக்கு வந்தவர்கள் நடு இறகுக்காக அடித்துக்கொண்டார்கள். சொந்தக் கூடுகளை அப்படியே போட்டுவிட்டு அரண்மனை மரத்துக்குக் குடிவந்தார்கள். தடுக்க ஆளில்லாமல் வரி ஏறிக்கொண்டே போனது. நாணல்குருவி, பாவம், விடிந்ததும் புழு பிடித்துவந்து, அரண்மனை மரத்தில் திறந்திருக்கும் வாய்களையெல்லாம் நிரப்பிவிட்டுத்தான் தன் வீட்டைப் பார்க்க முடிந்தது.

குயில் பிரபுவுக்குக் கிடைத்தது ஓரத்து இறகு. அவமானத்தில் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஒருநாள் மயில், "சிம்மாசனம் குத்துகிறதே" என்று முனகினார். குயில் உடனே பறந்துபோய், பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த கூட்டைப் பிரித்துக் கொண்டுவந்து, மெத்தையாக இருக்கட்டும் என்று ராஜாவின் காலடியில் போட்டார். நடு இறகு அவருக்குக் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை, தோகை தூக்குகிற நேரத்தில் அவர் மனைவி மூச்சிரைக்க வந்தாள்.

"என்னங்க, எனக்கு முட்டையிடுற நேரம் வந்துடுச்சு. நம்ம கூட்டைக் காணோமே?"

"மெதுவாப் பேசு. ராஜா அதுமேலதான் உட்கார்ந்திருக்கார்."

"அப்ப முட்டையை எங்க வைக்கிறது?"

"நடு இறகு கிடைச்சிருக்கு. உனக்குக் கொஞ்சமாவது பெருமையா இருக்கா?"

"பெருமைமேல முட்டையிட முடியுமா? சீக்கிரமா வேற கூடு கட்டிக் குடுங்க."

"நானா? குச்சி பொறுக்கினா பிரபுப் பட்டம் போயிடும். அதுவுமில்லாம, எப்படிக் கட்டுறதுன்னே மறந்துபோச்சு."

அவளுக்கு அழக்கூட நேரமில்லை. கண்ணில் பட்ட முதல் கூட்டில் முட்டையை இட்டுவிட்டுப் பறந்துபோனாள். அது நாணல்குருவியின் கூடு. நாணல்குருவி அப்போது வரி கட்டப் போயிருந்தாள். திரும்பிவந்தவள் வித்தியாசம் தெரியாமல் அதையும் சேர்த்தே அடைகாத்தாள்.

பொரிந்தது அரண்மனைப் பிள்ளை அல்லவா? கண் திறப்பதற்கு முன்பே, பக்கத்தில் இருந்த முட்டைகளையெல்லாம் முதுகால் நெட்டி வெளியே தள்ளியது. அந்தக் கூட்டுக்கு அது ஒன்றே ராஜா.

அன்றைய வரியைக் கட்டிவிட்டு நாணல்குருவி திரும்பிவந்து பார்த்தாள். அவளுடைய முட்டைகள் கீழே உடைந்து கிடந்தன. கூடு நிறைய ஒரு பெரிய வாய் மட்டும் திறந்திருந்தது. எனக்கு அவளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பெரிய வாயைக் கண்டால் நிரப்பியே பழகிவிட்டவள், அழுதுகொண்டே புழுவை அதற்குள் போட்டாள்.

பின்னால் ஒருநாள் பசி தாங்காத குருவிகள் ஒன்றுகூடி, மயிலின் தோகையைப் பிய்த்துக் காட்டை விட்டே துரத்தின. பிரபுக்களும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். ஆனாலும் அன்று முதல்தான் அந்த ஊர்க் குயிலுக்குச் சொந்தக் கூடு இல்லாமல் போனது. நாணல்குருவியோ, ராஜா போனது தெரியாமல், தன்னைவிடப் பெரிய குயில் குஞ்சுக்கு இன்னமும் வரி கட்டிக்கொண்டிருக்கிறாள்.